டிஎஸ்எல்ஆர் வீடியோ மங்கலாக வருகிறதா? ரெக்கார்ட் பட்டனைத் தொடும் முன் செய்ய வேண்டியவை

ஃபோட்டோ எடுத்தால் இமை முடியை எண்ணலாம் போல வருகிறது. அதே கேமரா, அதே லென்ஸ், வீடியோ மட்டும் சோப்பு நுரைக்குள் எடுத்தது மாதிரி இருக்கிறது. இதில் கொஞ்சம் கேமராவின் குறைதான். 24 மெகாபிக்சல் சென்சார் இருந்தாலும் ஃபுல் எச்டி வீடியோவில் ஒரு ஃபிரேமுக்கு 2 மெகாபிக்சல் அளவுதான் தேறும். அதையும் பல மாடல்கள் இடையிடையே வரிகளை விட்டுவிட்டுப் படித்துத்தான் எடுக்கின்றன. அதை மாற்ற நம்மால் முடியாது. மற்றதெல்லாம் நம் கையில்.

முதலில் கேமராவை மேனுவல் மோடுக்கு மாற்றுங்கள். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 நொடி, 30 என்றால் 1/60. ஓடும் காட்சியை பாஸ் செய்து பார்த்தால் கை கால் கொஞ்சம் கலங்கித் தெரியும். பயப்படாதீர்கள், அந்தக் கலங்கல் இருந்தால்தான் ஓட்டம் இயல்பாக இருக்கும். ஷார்ப்பாக வரட்டும் என்று 1/500 வைத்தால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும்.

அடுத்தது அபர்ச்சர், அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரம்; எஃப் எண் குறையக் குறைய துவாரம் பெரிதாகும். 50 மி.மீ. லென்ஸ் வாங்கிய புதிதில் எல்லாவற்றையும் எஃப் 1.8-இல்தான் எடுத்துக்கொண்டிருந்தேன், பின்னணி அழகாகக் கரைகிறதே என்று. பேசுபவர் லேசாக முன்னால் சாய்வார். காது பளிச்சென்று இருக்கும், கண் மங்கிவிடும். கணக்கைப் பாருங்கள்: ஆரம்ப நிலை டிஎஸ்எல்ஆர்களில் வழக்கமாக இருக்கும் ஏபிஎஸ்-சி அளவு சென்சாரில், ஒன்றரை மீட்டர் தூரத்தில், எஃப் 1.8-க்கு ஃபோகஸில் நிற்கும் ஆழம் மொத்தமே 6 செ.மீ. அளவு. எஃப் 4 வைத்தால் சுமார் 14 செ.மீ. பெரும்பாலான லென்ஸ்கள் எஃப் 4 முதல் 5.6 வரை நல்ல கூர்மை தருகின்றன என்பது கூடுதல் லாபம். எஃப் 16 பக்கம் போகாதீர்கள், அங்கே மறுபடி மங்கும்.

இனி ஃபோகஸ். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். வீடியோ எடுப்பது லைவ் வியூவில், அதாவது பின்பக்கத் திரையைப் பார்த்து; அப்போது கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்வதால், வியூஃபைண்டரில் வேலை செய்யும் வேகமான ஆட்டோ ஃபோகஸ் கிடைக்காது. பழைய மாடல்கள் முன்னும் பின்னும் போய்த் தேடும்; அந்தத் தேடல் வீடியோவிலேயே பதிவாகிவிடும். 2013-இல் வந்த கேனன் 70டி போல, சென்சாரிலேயே டூயல் பிக்சல் ஃபோகஸ் உள்ள கேமராக்கள் வேறு ரகம். உங்களுடையது அப்படி இல்லை என்றால் லென்ஸை மேனுவலுக்குத் தள்ளிவிடுங்கள். பூதக்கண்ணாடி பட்டனை அழுத்தி, பேசுபவரின் கண்ணை 10 மடங்கு பெரிதாக்குங்கள். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைச் சரியான இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் திருப்பி, மறுபடி பின்னால் கொண்டு வாருங்கள். எங்கே நிறுத்துவது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். பல மாடல்களில் ரெக்கார்டிங் ஓடும்போது இப்படிப் பெரிதாக்க முடியாது, அதனால் முன்பே செய்துவிடுங்கள். ஆள் நடந்து வருகிறார் என்றால் நிற்கும் இடத்தில் தரையில் ஒரு டேப் ஒட்டி, அங்கே ஃபோகஸ் வையுங்கள்.

சரி, வெளிச்சம். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100, 1/50, எஃப் 4 வைத்தால் சுமார் 5 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) வெளிச்சம் அதிகமாகி, படம் வெளுத்துப் போகும். ஷட்டரைத் தொடாதீர்கள், வெளிச்சத்தை 32-இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி 32 ஃபில்டர் ஒன்றை மாட்டுங்கள். வீட்டுக்குள் நேர் எதிர்: ஐஎஸ்ஓவை ஏற்றுவதை விட ஆளை ஜன்னல் பக்கம் நகர்த்துவது மேல். புள்ளி புள்ளியாக வரும் நாய்ஸும் கூர்மையைத் தின்னும்.

டிரைபாட் கட்டாயம். அதில் ஏற்றியதும் லென்ஸின் ஸ்டெபிலைசேஷனை (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) அணைத்துவிடுங்கள்.

கடைசியாக, பிக்சர் ஸ்டைல் மெனுவில் ஷார்ப்னெஸ் என்று ஒன்று இருக்கும். கை அதைக் கூட்டத்தான் போகும். கூட்டினால் ஓரங்களில் வெள்ளைக் கோடு விழும், அப்புறம் எடிட்டிங்கில் அதை அழிக்க வழியே இல்லை. அதைக் கடைசி வரை குறைத்து வைத்து எடுங்கள். எடிட்டிங்கில் துளியூண்டு ஏற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்த பிறகு, உண்மையான ஷூட்டிங்குக்கு முன் 10 நொடி மட்டும் எடுத்து, கம்ப்யூட்டரில் முழு அளவில் ஓட்டிப் பாருங்கள். கேமராவின் குட்டித் திரையில் எல்லாமே ஷார்ப்பாகத்தான் தெரியும்.