கார்டுல இருந்து தியேட்டர் ஸ்க்ரீன் வரைக்கும்: எடுத்த படத்தை தொலைக்காம கொண்டு போய் சேக்கறது எப்படி

படம் எடுக்கப் போறேன்னு வர்றவங்க என்கிட்ட கேக்கற முதல் கேள்வி எந்த கேமரா நல்லா இருக்கும்ங்கறதுதான், அடுத்தது லென்ஸ், அதுக்கடுத்தது கலர். எடுத்ததை எங்க வைக்கறது, எப்படி காப்பி எடுக்கறதுன்னு யாரும் முதல்ல கேட்டதே இல்ல. ஆனா டிஜிட்டல் வந்தப்புறம் கஷ்டப்பட்டு எடுத்த காட்சி கைவிட்டுப் போகுதுன்னா அது பெரும்பாலும் அந்த இடத்துலதான் போகுது. அதனால முதல் குறும்படம் எடுக்கறவங்களுக்கு நான் கேமராவுக்கு முன்னாடி இதைத்தான் சொல்லுவேன்.

ஃபிலிம் காலத்துல இந்தக் கவனம் தானா வந்துச்சு. 35 எம்எம்ல செகண்டுக்கு 24 ஃபிரேம் ஓடினா நிமிஷத்துக்கு 90 அடி காலி, 1000 அடி ரோல் போட்டா 11 நிமிஷத்துல முடிஞ்சுடும். கேமரா ஓட ஆரம்பிச்சாலே செட்ல எல்லாரும் மூச்சை அடக்கிட்டு நிப்பாங்க, ஏன்னா ஓடறது காசு. டேக் ஓகே ஆனதும் கேமராவோட கேட்ல, அதாவது ஃபிலிம் மேல வெளிச்சம் படற சட்டத்துல, தூசி முடி ஏதாவது இருக்கான்னு பாப்பாங்க, ரோல் முடிஞ்சா இருட்டுப் பையில கைய விட்டு கழட்டி டப்பால போட்டு டேப் சுத்தி மேல எழுதி லேபுக்கு அனுப்புவாங்க. நெகட்டிவ்ங்கறது கைல தூக்கற பொருள், அதைத் தொலைக்கணும்னா கொஞ்சம் முயற்சி பண்ணித்தான் தொலைக்கணும்.

2007ல ரெட் ஒன்ங்கற டிஜிட்டல் சினிமா கேமரா வந்துச்சு, 2010ல ஆரி அலெக்ஸா வந்துச்சு, 2011 வாக்குல ஆரி, பானாவிஷன், ஆட்டன் மூனு கம்பெனியும் புது ஃபிலிம் கேமரா செய்யறதையே விட்டுட்டாங்க, 2013ல ஃபியூஜி சினிமா ஷூட்டிங் ஃபிலிம் தயாரிக்கறதை நிறுத்திட்டாங்க. 2015ல டேஞ்சரீன்னு ஒரு படம் ஐஃபோன் 5எஸ்லயே எடுத்து தியேட்டர்ல ரிலீஸ் ஆச்சு. அதாவது எட்டே வருஷத்துல யார் வேணா எடுக்கலாம்ங்கற நிலைமை வந்துடுச்சு, இது உண்மையிலேயே பெரிய விஷயம், எனக்கு அதுல சந்தோஷம்தான். ஆனா ரோல் இருந்தப்ப தானா இருந்த அந்த ஒழுங்கு கூடவே போயிடுச்சு, அதை இப்ப நாமளா கையால திருப்பிக் கொண்டு வரணும்.

நான் இதைக் கத்துக்கிட்டது ஒரு ராத்திரி ஷூட்டிங்ல. வயசான ஒரு அம்மா, நடிச்சுப் பழக்கமில்லாதவங்க, மகன்கிட்ட இருந்து வந்த லெட்டரைப் படிச்சுட்டு அதை மடிச்சு மடிச்சு சின்னதாக்கி கைக்குள்ள மூடிக்கிற மாதிரி காட்சி. க்ளோஸப். ஒரே டேக்ல பண்ணிட்டாங்க, கண்ணு கலங்கினது நிஜமாவே கலங்கினது, கட் சொல்லக்கூட யாருக்கும் வாய் வரல. கார்டை லேப்டாப்ல போட்டு காப்பி பண்ணினோம், காப்பி ஆகறதைக் காட்டற கோடு முழுசா ஓடி முடிஞ்சுது, ரெண்டு பக்கமும் ஃபோல்டர் சைஸ் ஒன்னாத்தான் காட்டுச்சு, சரின்னு கார்டை ஃபார்மட் பண்ணி அடுத்த சீனுக்குப் போட்டுட்டோம். ரெண்டு நாள் கழிச்சு எடிட்ல திறந்தா பதினாலாவது செகண்ட் வரைக்கும் நல்லா ஓடுது, அதுக்கப்புறம் பச்சையும் ரோஸுமா கட்டம் கட்டமா உடைஞ்சு அப்படியே நின்னுபோச்சு. காப்பி ஆகறப்பவே அந்த ஒரு ஃபைல் கெட்டிருக்கு, யாரும் ஓட்டிப் பாக்கல. மறுபடி அவங்களை வரவழைச்சு எடுத்தோம், நல்லாத்தான் பண்ணினாங்க, ஆனா அது வேற.

ஷூட்டுக்கு முன்னாடி கணக்கு

கேமரா ஸ்பெக்ல செகண்டுக்கு எத்தனை மெகாபிட்னு போட்டிருக்கும், அதை எட்டால வகுத்தா செகண்டுக்கு எத்தனை எம்பின்னு வந்துடும். 100 மெகாபிட்டுன்னா செகண்டுக்கு 12.5 எம்பி, நிமிஷத்துக்கு 750 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 400 மெகாபிட்டுன்னா அதே ஒரு மணி நேரம் 180 ஜிபி. இப்போ ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேர ஃபுட்டேஜ், நாலு நாள் ஷூட், 400 மெகாபிட்டுன்னு வச்சுக்கோங்க, 1440 ஜிபி ஆகுது, இது ஒரு காப்பிக்கு மட்டும். மூனு காப்பி வேணும். ஹார்ட் டிஸ்க் வாங்கறதுக்கு கடைசில பாத்துக்கலாம்னு விட்டா கடைசில எதையாவது அழிச்சுத்தான் இடம் பண்ணுவீங்க, அழிக்கற ஆள் அப்போ தூக்கக் கலக்கத்துல இருப்பார். கேமராவுக்கு செலவு பண்றதுல கொஞ்சம் குறைச்சுக்கிட்டாலும் பரவாயில்ல, டிஸ்குல குறைக்காதீங்க.

செட்டிங் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். 24 ஃபிரேம்ல எடுக்கணும்னு இருந்தா முதல் நாள்ல இருந்து கடைசி நாள் வரைக்கும் 24தான், நடுவுல மாத்தக்கூடாது, ஷட்டர் 1/48 இல்லன்னா 1/50, லைட் மினுமினுன்னு அடிச்சா அங்க வர்ற கரண்ட் 50 ஹெர்ட்ஸா 60ஆன்னு பாத்து 1/50 இல்ல 1/60 வச்சுக்கோங்க. ஃபோன்ல எடுக்கறவங்க கூடவே வர்ற கேமரா ஆப்ல எடுக்காதீங்க, அது ஃபிரேம் ரேட்டை தன் இஷ்டத்துக்கு கூட்டிக் குறைக்கும், பின்னாடி தனியா எடுத்த சவுண்டை சேக்கறப்போ வாயும் வார்த்தையும் மெல்ல மெல்ல விலகிப் போகும். பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம்தான், அதுல ஃபிரேம் ரேட், ஷட்டர், ஒயிட் பேலன்ஸ் எல்லாத்தையும் பூட்டி வச்சுடலாம்.

லாக்ல, அதாவது கான்ட்ராஸ்டையும் கலரையும் அடக்கி எடுத்துட்டு பின்னாடி சரிபண்ற முறைல, எடுக்கலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. கேமரா 10 பிட் கொடுத்தா தாராளமா எடுங்க, 8 பிட்னா வேணாம்ங்கறது என் கருத்து. 8 பிட்ல ஒரு கலர் சேனலுக்கு 256 படிதான், 10 பிட்ல 1024. லாக் வெளுத்துப்போன மாதிரி இருக்கும், அதைக் கிரேடிங்ல, அதாவது கலர் சரிபண்ற வேலைல, இழுத்து விரிக்கறப்போ 256 படி பத்தாம வானத்துல பட்டை பட்டையா கோடு விழும். இன்னொன்னு, ஃபிலிம் நெகட்டிவ் வெளிச்சம் அதிகமானா ஓரளவு தாங்கும், டிஜிட்டல் தாங்காது, ஜன்னல் வெள்ளையா எரிஞ்சா எரிஞ்சதுதான், அதுல இருந்து எதையும் மீட்க முடியாது. அதனால முகத்தைப் பாக்கற அதே கவனத்தோட வெளிச்சமான இடத்தையும் பாருங்க.

ஸ்பாட்ல கார்டை கையாளறது

இதுக்கு ஒரே ஒரு ஆள் வேணும். பெரிய படத்துல டிஐடி, அதாவது டிஜிட்டல் இமேஜிங் டெக்னீஷியன்னு தனி வேலையே இருக்கு, சின்ன படத்துல நம்பிக்கையான ஒருத்தர் போதும், ஆனா அவருக்கு அன்னிக்கு வேற வேலை கொடுக்காதீங்க, தண்ணி எடுத்துட்டு வா, லைட்டைப் பிடின்னு இழுத்தீங்கன்னா முடிஞ்சுது. கேமராவுல இருந்து கழட்டின கார்டு அவர் கைக்கு மட்டும்தான் போகணும், அவர் கொடுத்த கார்டு மட்டும்தான் கேமராவுக்குள்ள போகணும்.

ஒவ்வொரு கார்டுக்கும் நம்பர் ஒட்டுங்க. எடுத்து முடிச்ச கார்டு மேல சின்னதா சிவப்பு டேப் ஒன்னு. அந்த டேப் இருக்கற வரைக்கும் அது நெகட்டிவ், யாரும் தொடக்கூடாது. காப்பி எடுத்து, சரிபாத்து, ஓட்டிப் பாத்து முடிச்சப்புறம் அவரே அந்த டேப்பை உரிக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாருக்கும் கண்ணு செருகும்போது ஞாபகத்தை நம்ப முடியாது, சிவப்பு டேப்பை நம்பலாம்.

காப்பி எடுக்கறப்போ வீடியோ ஃபைலை மட்டும் பொறுக்கி எடுக்காதீங்க, கார்டுல இருக்கற ஃபோல்டர் அமைப்பு அப்படியே முழுசா வரணும், பல கேமரா ஒரு நீள டேக்கை துண்டு துண்டா எழுதும், கூட இருக்கற சின்ன ஃபைல்லதான் அதை ஒன்னு சேக்கற தகவல் இருக்கும். கட் பேஸ்ட் வேணவே வேணாம், காப்பி மட்டும்தான். ஃபோல்டர் பேர்ல தேதி, நாள், கார்டு நம்பர் போட்டுடுங்க, ஃபைல் பேரை மாத்தாதீங்க.

அப்புறம் நாங்க பண்ணாம விட்டது, அதாவது செக்சம். ஒரு ஃபைலை முழுசாப் படிச்சு அதுக்குன்னு ஒரு நீளமான நம்பர் உண்டாக்குவாங்க, ஃபைல்ல ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த நம்பர் மாறிடும். கார்டுல இருக்கறதுக்கும் டிஸ்குல இருக்கறதுக்கும் நம்பர் ஒன்னா இருந்தாத்தான் காப்பி சரியா வந்துருக்குன்னு அர்த்தம், சைஸ் ஒன்னா இருக்கறது ஒன்னும் நிரூபிக்காது. டாவின்சி ரிசால்வ்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேரோட மீடியா பேஜ்ல குளோன் டூல்னு ஒன்னு இருக்கு, கார்டை ஒரு பக்கம், டிஸ்குகளை ஒரு பக்கம் இழுத்துப் போட்டா காப்பி எடுத்து சரிபாத்துக் கொடுத்துடும். நேரம் கூட ஆகும்தான், ஆகட்டும். அதுக்கப்புறமும் ஒவ்வொரு கிளிப்பையும் திறந்து முதல்ல, நடுவுல, கடைசில கொஞ்சம் கொஞ்சம் ஓட்டிப் பாருங்க, ஏன்னா கார்டுலயே ரெக்கார்ட் ஆகறப்போ கெட்டிருந்தா செக்சம் அதையும் பத்திரமா அப்படியே காப்பி எடுத்து சரின்னு சொல்லிடும்.

மூனு காப்பி, அதுல ரெண்டு வேற வேற வகை ஸ்டோரேஜ்ல, ஒன்னு வேற இடத்துல. மூனு டிஸ்க்கையும் ஒரே பையில போட்டு ஒரே வண்டியில கொண்டு போனா அது மூனு காப்பி இல்ல, ஒரே காப்பி. 1998ல பிக்ஸார் ஸ்டுடியோவுல டாய் ஸ்டோரி 2ங்கற அனிமேஷன் படத்தோட வேலை நடந்துட்டு இருந்தப்போ யாரோ கொடுத்த ஒரு கமாண்டால படத்தோட ஃபைல்கள் வரிசையா அழிஞ்சுது, பேக்கப் இருக்கேன்னு போய் பாத்தா அது ஒழுங்கா எழுதிட்டே இருக்கல. கைக்குழந்தை இருந்ததால வீட்டுல இருந்து வேலை பாத்துட்டு இருந்த ஒரு அம்மாவோட கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி இருந்துச்சு, போர்வை சுத்தி கார்ல பத்திரமா ஏத்திட்டு வந்தாங்க. அவ்வளவு பெரிய ஸ்டுடியோவைக் காப்பாத்தினது வேற இடத்துல இருந்த அந்த ஒரு காப்பிதான்.

கார்டை ஃபார்மட் பண்றது எப்பவும் கேமராவுல, கம்ப்யூட்டர்ல இல்ல. தப்பா ஃபார்மட் பண்ணிட்டா அந்த செகண்டே கார்டை வெளிய எடுத்துடுங்க, அது மேல ஒரு ஃபிரேம்கூட எடுக்காதீங்க. பெரும்பாலும் ஃபார்மட்ங்கறது பட்டியலை மட்டும்தான் அழிக்குது, உள்ள படம் அப்படியே இருக்க வாய்ப்பு இருக்கு, ஃபோட்டோரெக் மாதிரி இலவச சாஃப்ட்வேர் வச்சு எடுத்துப் பாக்கலாம். எடுக்கறதை கண்டிப்பா அந்தக் கார்டுலயே சேவ் பண்ணக்கூடாது, வேற டிஸ்குல.

எடிட்டும் சவுண்டும்

லேப்டாப் திணறுதுன்னா ப்ராக்ஸி உண்டாக்கிக்கோங்க, அதாவது அதே கிளிப்போட சின்ன வடிவம், அதை வச்சு வெட்டி ஒட்டிட்டு கடைசில ஒரிஜினலுக்கு மாத்திக்கலாம். ஃபைல் பேரும் டைம்கோடும், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இருக்கற நேர நம்பரும், ஒத்துப்போகணும், அதுக்குத்தான் பேரை மாத்தாதீங்கன்னு மேல சொன்னேன். ப்ராஜெக்ட் ஃபைலை தினமும் வேற இடத்துல ஒரு காப்பி போடுங்க, அது சின்ன ஃபைல், அதுல இருக்கறது உங்க மாசக்கணக்கான யோசனை.

சவுண்ட் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒவ்வொரு இடத்துலயும் கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாரையும் பேசாம நிக்கச் சொல்லி ஒரு நிமிஷம் அந்த இடத்தோட சத்தத்தை மட்டும் எடுங்க, டயலாக்குக்கு நடுவுல ஓட்டை விழுந்தா அதை வச்சுத்தான் அடைக்க முடியும். கிளாப் அடிங்க, தனி ரெக்கார்டர் வச்சிருந்தா கட்டாயம் அடிங்க.

தியேட்டருக்கு

தியேட்டர் ப்ரொஜெக்டர் எம்பி4 எதிர்பாக்கறதில்ல, டிசிபின்னு தனி வடிவம் கேக்கும். ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் 2002ல சேந்து ஆரம்பிச்ச டிசிஐங்கற அமைப்பு 2005ல இதுக்கான விதிமுறையை வெளியிட்டாங்க. ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியா ஜேபெக் 2000 படமா இருக்கும், அதிகபட்சம் செகண்டுக்கு 250 மெகாபிட், அதாவது 20 நிமிஷக் குறும்படத்துக்கு சவுண்ட் இல்லாம படம் மட்டும் அதிகமாப் போனா 37.5 ஜிபி. 2கேல ஸ்கோப், அதாவது ரொம்ப அகலமான ஃபிரேம்னா 2048க்கு 858 பிக்சல், ஃப்ளாட், அதாவது அவ்வளவு அகலமில்லாத ஃபிரேம்னா 1998க்கு 1080. உங்க டைம்லைனை ஆரம்பத்துலயே இதுல ஒன்னுக்குத் தக்க மாதிரி அமைச்சுக்கிட்டா கடைசில தலை வெட்டுப்படாது.

டிசிபி-ஓ-மேட்டிக்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல உங்க மாஸ்டர் ஃபைலை, அதாவது முழுசா முடிச்ச படத்தைக் கொடுத்து, கலர் ரெக் 709னு (வழக்கமான டிவி, மானிட்டர் கலர்) சரியா சொன்னா அதுவே தியேட்டர் கலருக்கு மாத்திக்கும். 25 ஃபிரேம்ல எடுத்திருந்தா 24ல ஓட்டறப்போ படம் 4 சதவீதம் நீளும், சவுண்டும் கூடவே மெதுவாகும், பாட்டு இருந்தா ஸ்ருதி இறங்கினது காதுக்குத் தெரியும், இதனாலதான் முதல்லயே 24ல எடுங்கன்னு சொல்றேன். டிசிபி ஃபோல்டருக்குள்ள இருக்கற ஃபைல் பேரை தயவுசெஞ்சு அழகுபடுத்தாதீங்க, உள்ள ஒரு பட்டியல் இருக்கு, அதுல இருக்கற பேர் இல்லன்னா சர்வர் எடுத்துக்காது.

டயலாக்கை முடிஞ்ச வரைக்கும் நடு ஸ்பீக்கருக்குக் கொடுங்க. ஸ்டீரியோவா விட்டா வீட்டுல நல்லாத்தான் கேக்கும், தியேட்டர்ல ஓரத்து சீட்ல உக்காந்தவங்களுக்கு பேசறவங்க நடுவுல நின்னாலும் குரல் அவங்க பக்கம் இருக்கற ஸ்க்ரீன் ஓரத்து ஸ்பீக்கர்ல இருந்து வரும். ஷோவுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் ஓட்டிப் பாக்க ஆபரேட்டர்கிட்ட மரியாதையா கேளுங்க, போய் நடு சீட்ல உக்காராம ஓரமா, கடைசி வரிசைலயும் உக்காந்து பாருங்க. கூடவே இன்னொரு டிஸ்க்ல அதே டிசிபி ஒன்னு கைப்பைல இருக்கட்டும்.

எல்லாம் முடிஞ்சப்புறம் கேமரா ஒரிஜினல், ப்ராஜெக்ட் ஃபைல், சவுண்ட், டிசிபி, கிரேடிங் முடிச்ச மாஸ்டர் எல்லாத்தையும் ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல போட்டு ரெண்டு வேற வேற வீட்டுல வைங்க. எஸ்எஸ்டில போட்டு வருஷக்கணக்கா கரண்ட் கொடுக்காம அலமாரில வைக்காதீங்க, அது அதுக்கானது இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை டிஸ்க்கை மாட்டி செக்சம் ஓட்டுங்க, நாலஞ்சு வருஷத்துல புது டிஸ்க்குக்கு மாத்துங்க, மாத்தின தேதியை டிஸ்க் மேலயே எழுதி ஒட்டி வைங்க.