முந்திரித் தோப்பில் முதல் எம்டிபி ரேஸ்: விதிகளும் வழிவிடும் முறையும்

புதுச்சேரி, கடலூர் பக்கம் எம்டிபி (மவுண்டன் பைக், அதாவது கரடுமுரடான பாதையில் ஓட்டும் சைக்கிள்) ஓட்ட மலை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒருநாள் விடியற்காலையில் ஆரோவில் செம்மண் பள்ளங்களுக்கோ, கடலூர் கேப்பர் மலைக்கோ வந்து பார்க்க வேண்டும். உயரம் நூறு மீட்டர்கூட இருக்காது. ஆனால் வேர், சரளை, பொடி மணல், மழை அறுத்துவிட்டுப் போன ஓடை எல்லாம் அடுத்தடுத்து வரும். பாதையும் பெரும்பாலும் ஒற்றையடிப் பாதைதான். ரேஸில் பாதி விதிகள் பிறந்ததே அதனால்தான்: இரண்டு சைக்கிள் பக்கத்தில் பக்கத்தில் போக முடியாத இடத்தில் நாற்பது பேர் போட்டி போடுகிறோம்.

முதல் தடவை பெயர் கொடுத்திருப்பவர்களுக்காக, முந்தின நாளிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

முந்தின நாள்: சைக்கிளைப் பாருங்கள்

ஹெல்மெட் இல்லாமல் எந்த ரேஸிலும் நிற்க விட மாட்டார்கள். பயிற்சிச் சுற்றிலும் அதைக் கழற்றக் கூடாது. ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் மூடி இருக்கிறதா பாருங்கள். சின்ன பிளாஸ்டிக் துண்டுதான். அது இல்லாத வெறும் குழாய், விழும்போது வயிற்றிலோ தொடையிலோ வட்டமாக வெட்டிவிடும். மூடி இல்லாத சைக்கிளைப் பரிசோதனையில் திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள்.

அப்புறம் பிரேக். 1976இல் கலிபோர்னியாவில் சிலர் பழைய கனமான சைக்கிள்களில் மலைச்சரிவு இறங்கிப் போட்டி போட்டார்கள். ஒரு தடவை இறங்கினாலே பின்சக்கர பிரேக்கில் இருந்த கிரீஸ் சூட்டில் எரிந்து போகும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் போட்டிக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. அங்கே தொடங்கியது 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் வரை போய்விட்டது. இன்று நம் கையில் டிஸ்க் பிரேக் இருக்கிறது, ஆனாலும் இரண்டு லீவரையும் அழுத்திப் பார்க்காமல் தூங்கப் போகாதீர்கள்.

இயர்போன் வேண்டாம். ஏன் என்று கீழே வருகிறது.

பாதையை ஒரு தடவை நடந்தோ மெதுவாக ஓட்டியோ பாருங்கள்

வழி தெரிந்து ஓட்டுவது ஓட்டுபவரின் பொறுப்பு. அம்புக்குறியை மாடு தின்றுவிட்டது என்று முடிவில் வாதாட முடியாது. ரிப்பன் கட்டிய இடங்கள், மார்ஷல் (வழியைக் கவனிக்கும் ரேஸ் பணியாளர்) நிற்கும் திருப்பங்கள், தண்ணீர் கொடுக்கும் இடம் மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முந்திரிச் சருகு விழுந்து கிடக்கும் வளைவுகளைக் குறிப்பாகப் பாருங்கள். மேலே காய்ந்திருக்கும், அடியில் பனி ஈரம் இருக்கும். அங்கே முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும்.

தோப்பு யாரோ ஒருவருடையது. மார்ச் முதல் மே வரை கொட்டை பொறுக்க ஆட்கள் காலையிலேயே வந்துவிடுவார்கள். அவர்களைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்து, “கொஞ்சம் வழி விடுங்கம்மா” என்று கேட்டுப் போங்கள். ஆரோவில் பக்கம் மழைநீரை நிறுத்த மண் கரைகள் போட்டிருப்பார்கள். மொட்டையாகக் கிடந்த மேட்டை மரமாக்கியதில் அந்தக் கரைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதன்மேல் சக்கரம் ஏறி ஏறி ஒரு தடம் விழுந்துவிட்டால், ஐப்பசி மழையில் தண்ணீர் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு கரையையே உடைத்துவிடும். கரையைச் சுற்றிப் போங்கள், நேரம் போனாலும் பரவாயில்லை.

வழி கேட்பதும் வழி விடுவதும்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். என் முதல் ரேஸில் யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. பின்னால் சரளை நசுங்கும் சத்தம் கேட்டது, யாரோ “அண்ணா, அண்ணா” என்றார். வழி விடத்தான் நினைத்தேன். ஆனால் எந்தப் பக்கம் வருகிறார் என்று தெரியவில்லை. வலது பக்கம் ஒதுங்கினேன், அவரும் வலதில்தான் வந்துகொண்டிருந்தார். இருவரும் முந்திரிக் கிளைக்குள் விழுந்தோம். அவருடைய முழங்கையிலிருந்து மண்ணோடு ரத்தம் சொட்டியதை இன்னும் மறக்கவில்லை.

ஆகவே, முந்துபவர் பக்கத்தைச் சொல்ல வேண்டும். “வலது பக்கம் வர்றேண்ணா!” இவ்வளவு போதும். வளைவுக்குள் நுழைந்தபின் கத்தாமல், பத்துப் பதினைந்து மீட்டர் முன்னாலேயே சொல்லுங்கள். பத்திரமாக முந்துவது முந்துபவரின் பொறுப்பு. முன்னால் இருப்பவர் “சரி” என்று பதில் சொன்னால் இருவருக்கும் நிம்மதி. காதில் பாட்டு ஓடினால் இது எதுவுமே நடக்காது.

முன்னால் இருப்பவர் நீங்கள் என்றால், முதலில் உங்கள் கோட்டிலேயே நேராகப் போங்கள். பதறித் திரும்பாதீர்கள். கொஞ்சம் அகலமான இடம் வந்ததும் ஒதுங்குங்கள். உங்களை ஒரு சுற்று முந்தி வருபவருக்கு உடனே வழி விட வேண்டும். உங்கள் பிரிவிலேயே இடத்துக்காகப் போட்டியிடுபவர் என்றால் சைக்கிளை நிறுத்தி வழி விட வேண்டிய அவசியமில்லை, ஆனால் வளைந்து வளைந்து மறிப்பது தவறு. ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறீர்களா? ஓட்டிக்கொண்டு வருபவருக்குத்தான் முன்னுரிமை. நல்ல தடத்தை அவருக்கு விட்டுவிட்டு மணல் பக்கமாகத் தள்ளுங்கள்.

தடம் விட்டு வெளியே போய்விட்டால், வெளியேறிய அதே இடத்துக்கு வந்துதான் மறுபடி சேர வேண்டும். பத்து மீட்டர் தாண்டிச் சேர்ந்தாலும் குறுக்கு வழிதான்.

யாராவது விழுந்து எழவில்லை என்றால் நின்றுவிடுங்கள். “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டு, பதில் சரியாக வந்தால் மட்டும் போங்கள். இல்லையென்றால் ஒருவர் அவரோடு இருக்கட்டும், அடுத்து வருபவர் மார்ஷலிடம் சொல்லட்டும்.

பஞ்சர் ஆனால்

நம் ஊரில் சீமைக்கருவேல முள் இருக்கும்வரை பஞ்சரும் இருக்கும். தண்ணீர் கொடுக்கும் இடத்தைத் தவிர வெளியாள் உதவி வாங்கக் கூடாது என்பது பல ரேஸ்களின் விதி. ட்யூப், டயரைக் கழற்றும் லீவர், பம்ப் மூன்றும் உங்களிடமே இருக்கட்டும். முதலில் பாதையை விட்டு முழுசாக விலகி நில்லுங்கள், சைக்கிளையும் இழுத்துக்கொள்ளுங்கள். புது ட்யூப் போடுமுன் டயரின் உள்பக்கத்தை விரல் நுனியால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவுங்கள். முள்ளின் மேல்பகுதி ஒடிந்து, அரிசி முனை அளவு மட்டும் உள்ளே துருத்திக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அதை எடுக்காமல் போட்டால் இரண்டாவது ட்யூபும் போகும். பழைய ட்யூபையும் தெம்புக்குச் சாப்பிட்ட ஜெல் பாக்கெட்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

வெளியேறச் சொன்னால்

பெரிய போட்டிகளில் 80 சதவீத விதி என்று ஒன்று உண்டு. முன்னணியில் இருப்பவர் முதல் சுற்றை 15 நிமிடத்தில் முடித்தால், அதில் 80 சதவீதம் 12 நிமிடம். அவரைவிட அவ்வளவு பின்தங்கியவரை நிறுத்திவிடுவார்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் அவரே வந்து முட்டுவார் என்பதால். சிறு ரேஸ்களில் இதைத் தளர்த்துவதும் உண்டு, காலையில் விளக்கும்போது கவனமாகக் கேளுங்கள். நிறுத்தினால் மார்ஷலோடு சண்டை போடாதீர்கள். பெரும்பாலும் அவர் சம்பளமில்லாமல் வெயிலில் நிற்கும் இன்னொரு சைக்கிள்காரர்.

நீங்களாகவே பாதியில் விலகினாலும் நேரம் குறிக்கும் மேசைக்குப் போய், எண் அட்டையைக் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஒருமுறை கணக்கில் ஒருவர் குறைந்தார். வெயில் ஏறிய நேரத்தில் நான்கு பேர் பள்ளம் பள்ளமாக இறங்கிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடினோம். ஒரு மணி நேரம் கழித்து போனை எடுத்தார். வீட்டில் இருந்தார்.