சேர்ந்து பாடும்போது செய்யக் கூடாதவை

குழுவோடு சேர்ந்து பாடினால் உடம்புக்கு நல்லது என்று கேள்விப்பட்டுப் பலர் வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த நன்மை எதிலிருந்து கிடைக்கிறது என்று தெரியாமல், வந்த பலனைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

பெரிய தவறு சத்தம். சுற்றியுள்ள குரல்கள் காதை அடைத்தால் நம் குரல் நமக்கே கேட்காது. நாம் நினைக்காமலேயே தொண்டை எகிறும். இதை லொம்பார்ட் விளைவு என்பார்கள். சேர்ந்த புதிதில் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்தால் எனக்குப் பேச்சே எழும்பாது, தாடையெல்லாம் வலிக்கும். ஒரு காதை உள்ளங்கையால் லேசாக மூடிப் பாடச் சொன்னார்கள். என் குரல் எனக்குக் கேட்டது, கத்துவது தானாக நின்றது. பக்கத்தில் இருப்பவர் பாடுவது கேட்கிற அளவுக்குப் பாடினால் போதும்.

அடுத்து மூச்சு. தோளைத் தூக்கி அவசரமாக மூச்சை இழுக்காதீர்கள். அடி விலாவில் கை வைத்துப் பாருங்கள், அங்கேதான் விரிய வேண்டும். நீண்ட வரியை நிதானமாக மூச்சு விட்டுப் பாடினால் இதயத் துடிப்பு தணியும். ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வில் (2013), சேர்ந்து பாடியவர்களின் இதயத் துடிப்பு ஒன்றுபோல ஏறி இறங்கியது. ஒரே இடத்தில் மூச்சு எடுத்ததுதான் காரணம். அந்த இடங்களைப் பாட்டுத்தாளில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

'என் குரல் சரியில்லை' என்று வாயை மட்டும் அசைப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஜெர்மனியில் 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், பாடியவர்களின் உமிழ்நீரில் நோய் எதிர்ப்புப் புரதம் ஒன்று கூடியது. அவர்களே வெறுமனே உட்கார்ந்து இசை கேட்ட நாளில் கூடவில்லை. சுதி சற்று விலகினாலும் பரவாயில்லை, குரலை வெளியே விடுங்கள்.

சளி, காய்ச்சலோடு மட்டும் வராதீர்கள். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் மவுண்ட் வெர்னனில் ஒரு குழுப் பயிற்சிக்கு வந்த 61 பேரில் 53 பேருக்குக் கொரோனா தொற்றியது, இருவர் இறந்தனர். தொண்டை கட்டியிருந்தால் ஓரமாக உட்கார்ந்துகூடப் பாட வேண்டாம். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு போகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

பாட ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. வேல்ஸில் புற்றுநோயாளிகளும் அவர்களைப் பராமரிப்பவர்களும் உட்பட 193 பேர் ஒரு மணி நேரம் பாடியபின், மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் குறைந்தது. நோய் குறைந்ததாக அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர் பாட்டுத்தாளோடு அதையும் பையில் வைத்துக்கொண்டே பயிற்சிக்கு வரட்டும்.