விசாவுக்கு 28 நாள் பணம் காட்டியது எப்படி: என் அனுபவம்

பிரிட்டனில் வேலைக்குப் போவதற்கான ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு 1,270 பவுண்டு கையிருப்பு காட்ட வேண்டும். தொகையை விட, அது 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும் என்பதுதான் தொல்லை. நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. என் சம்பளக் கணக்கிலோ மாதத் தவணை போகும் நாளில் இருப்பு இறங்கிவிடும். பங்குகள் இருந்தன, அவற்றைப் பணமாக ஏற்க மாட்டார்கள்.

அதனால் என் பெயரில் சும்மா கிடந்த இன்னொரு சேமிப்புக் கணக்குக்குத் தொகையை மாற்றி, அதைத் தொடவே இல்லை. ரூபாயில் வைத்திருந்தால் கொஞ்சம் கூடுதலாகவே போடுங்கள். விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதப்படிதான் பார்ப்பார்கள். 28 நாள் முடிந்ததும் வங்கியில் ஸ்டேட்மென்ட் வாங்கினேன். அதன் கடைசித் தேதியிலிருந்து 31 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

அப்புறம், முதலில் உங்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பிரிட்டன் அரசிடம் ஏ தரநிலை பெற்ற நிறுவனம், விசாவுக்காக உங்களுக்குத் தரும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழில் முதல் மாதச் செலவை ஏற்பதாகக் குறித்தால் ஸ்டேட்மென்டே தேவையில்லை. என் நிறுவனம் முடியாது என்றது. சரி, எல்லா நிறுவனமும் அப்படி இருக்காது. துணையும் கூட வந்தால் இன்னும் 285 பவுண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்.