நாட்டுப்புறக் கதையைச் சித்திரக்கதையாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் படம் வரையப் பழகும் ஒரு பெண் தன் சித்திரக்கதையின் முதல் பக்கங்களைக் கொண்டுவந்து காட்டினாள். ரத்தக் காட்டேரிக் கதை. வெளிறிய முகம், ஒல்லி உடம்பு, விடியல் வெளிச்சம் பட்டதும் சாம்பல். "கிழக்கு ஐரோப்பிய நாட்டுப்புறக் கதையிலிருந்து எடுத்தேன் அண்ணா" என்றாள். கோடுகள் அருமை. ஆனால் பத்து வருடத்துக்கு முன்பு நான் செய்த அதே தவறு கண்ணெதிரே நின்றது. உடல் விகிதம் பிசகுவது, வசன பலூனுக்கு இடம் விடாதது எல்லாம் வரைய வரையச் சரியாகிவிடும். அவற்றை இங்கே எழுதவில்லை.

இன்னொருவர் வரைந்ததை நாட்டுப்புறம் என்று நம்புவது

ஜப்பானிய வாய்மொழிக் கதைகளில் நுரிகாபே என்று ஒரு பேய் வரும். அதைச் சாம்பல் நிறச் சுவராக, சின்னக் கண்களும் குட்டைக் கைகால்களும் வைத்து ஒரு 32 பக்கக் கதையில் வரைந்தேன். ஐந்து மாத உழைப்பு. மை போட்டு முடித்த பிறகு ஒரு நண்பர் பார்த்துவிட்டு, "இது மிசுகி வரைஞ்ச உருவம் ஆச்சே?" என்றார். ஆமாம், ஷிகெரு மிசுகி (1922–2015) என்ற காமிக்ஸ் கலைஞர் கொடுத்த உருவம் அது. எங்கோ பார்த்ததைப் பழங்காலத்துப் படம் என்றே நினைத்திருந்தேன். 32 பக்கமும் பெட்டிக்குள் போயின.

பிறகுதான் நாட்டார் வழக்காற்று அறிஞர் குனியோ யனகிதா பதிவுசெய்த குறிப்பைத் தேடிப் படித்தேன். இரவில் நடந்து போகிறவருக்கு முன்னால் திடீரென வழி அடைத்துக்கொள்ளும். குச்சியால் மேலே தட்டினால் பயனில்லை. கீழே தட்டினால் மறைந்துவிடும். அவ்வளவுதான். கண்ணும் இல்லை, காலும் இல்லை. எவ்வளவு இடம் இருந்திருக்கிறது எனக்கு! முழுக் கருப்பில் ஒரு கட்டம், அதில் நீட்டிய கை மட்டும். அடுத்த கட்டத்தில் அந்தக் கை எதன்மீதோ அழுந்தி விரல்கள் மடங்கியிருக்கும். மிசுகி அந்த வெற்றிடத்தைத் தன் கற்பனையால் நிரப்பினார். நானோ அங்கே வெற்றிடம் இருந்ததைக்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்கும் எரிச்சலாக இருப்பது இதை நினைத்துத்தான்.

காட்டேரி விஷயமும் இதுதான். பழைய கிராமத்து நம்பிக்கைகளில் அது பெரும்பாலும் உப்பிப்போன, சிவந்து கருத்த பிணம். வெயிலில் அழிந்துபோவது 1922இல் வந்த ஒரு மௌனப் படத்திலிருந்து பரவியது. 1897இல் வெளியான நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுகிறான். சிண்ட்ரெல்லாவின் கண்ணாடிச் செருப்பு பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697இல் வெளியிட்ட கதையில் வருவது. கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் அது தங்கச் செருப்பு.

ஆகவே ஒரு கதையை எடுத்தால் மூன்று வடிவங்களையாவது படியுங்கள், படங்களைப் பார்க்கும் முன்பே. மூன்றிலும் இருப்பதை ஊர்ப்பொது என்று ஓரளவு நம்பலாம். ஒன்றில் மட்டும் இருந்தால் அது யாரோ ஒருவரின் கைச்சரக்காக இருக்கலாம். அதற்குக் காப்புரிமையும் இருக்கக்கூடும். பல நாடுகளில் படைத்தவர் இறந்து 50 முதல் 70 ஆண்டுகள் வரை அது நீடிக்கிறது. அந்தப் பெண் இப்போது உப்பிய முகத்தை வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். முன்பைவிடப் பயமாக இருக்கிறது.

மூன்று முறை வருவதை வெட்டுவது

மூத்தவன் போவான், நடுவன் போவான், பிறகு இளையவன் போவான். பக்கம் போதவில்லை என்று முதல் இருவரையும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வேண்டாம். ஒரே கோணம், ஒரே கதவு, ஒரே அளவுக் கட்டம் என்று மூன்று தடவை வரையுங்கள். மூன்றாவதில் மட்டும் கதவு திறந்திருக்கட்டும். காதுக்காகப் பிறந்த உத்தி கண்ணுக்கும் வேலை செய்யும்.

பேய்க்கு முதல் பக்கத்திலேயே முகம் கொடுப்பது

பொறுங்கள்.

கடைசிக் கட்டத்தில் நீதி

அழித்துவிடுங்கள்.

கேட்ட கதையைத் திருத்திக் குறிப்பது

கதை சொல்பவரின் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பாட்டி என்னிடம், "அவ அழுத அழுகையில கெணறு ரொம்பிருச்சு" என்றார். நான் குறிப்பேட்டில் "அவள் மிகவும் அழுதாள்" என்று எழுதினேன். ஒரு வருடம் கழித்து வரைய உட்கார்ந்தபோது, குனிந்து அழும் ஒரு பெண்ணைத் தவிர வேறெதுவும் கையில் வரவில்லை. பாதிக் கதை வரைந்த பிறகு, பாட்டியின் குரல் தற்செயலாக நினைவுக்கு வந்தது. இப்போது அந்தக் கதையின் முதல் பக்கம் முழுக்க ஒரு கிணறு, விளிம்புவரை தண்ணீர்.