யெல்லோஸ்டோனை ஒரே நாள்ல பாக்கப் போறீங்களா? இந்தத் தப்பையெல்லாம் பண்ணாதீங்க

ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருப்பாங்க, நமக்கு லீவு ஒரு நாள்தான் மிச்சம் இருக்கும், அதுல யெல்லோஸ்டோன் முழுசையும் காட்டிடலாம்னு பிளான் போடுவோம். அந்த "முழுசையும்"தான் முதல் தப்பு. அமெரிக்காவோட இந்த நேஷனல் பார்க் கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர், உள்ள இருக்கற மெயின் ரோடு எட்டு போட்ட மாதிரி 142 மைல் சுத்தி வருது. ஃப்ரீவேல ஓட்டிப் பழகினவங்க ரெண்டரை மணி நேரத்துல முடிச்சிடலாம்னு நினைப்பாங்க, ஆனா இங்க ஸ்பீட் லிமிட்டே மணிக்கு 45 மைல்தான், அதுலயும் பைசன் (காட்டெருமை மாதிரி மிருகம்) கூட்டம் ரோட்ல இறங்கிடுச்சுன்னா அதுங்களா நகர்ற வரைக்கும் நாம காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால எட்டுல கீழ் வட்டம் மட்டும் போங்க. அதுவே 96 மைல், ஒரு நாளுக்கு அது தாராளம். வடகிழக்குப் பக்கம் இருக்கற லாமார் வேலில ஓநாய் பாக்கணும்னா அதுக்குத் தனியா ஒரு விடியக்காலை வேணும், இந்தத் தடவை விட்டுடுங்க.

அடுத்தது, எந்த இடத்துக்கு எந்த நேரத்துல போறோம்னு யோசிக்காம போறது. கிராண்ட் பிரிஸ்மாட்டிக்ங்கற கலர் கலரான பெரிய வென்னீர் ஊற்றோட போட்டோ பாத்துட்டு எல்லாரும் காலைல முதல் வேலையா அங்க ஓடறாங்க. காலைக் குளிர்ல வென்னீர் ஆவி கெட்டியா எழும்பி மேல மூடியிருக்கும், நீலமும் தெரியாது ஆரஞ்சும் தெரியாது. நான் முதல் தடவை போனப்ப மரப்பாலத்துல நின்னுட்டு மூக்குக்கண்ணாடியைத் தொடச்சுத் தொடச்சுப் பாத்தேன், அழுகின முட்டை வாசனையும் வெள்ளைப் புகையும்தான் மிச்சம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல ஃபேரி ஃபால்ஸ் பார்க்கிங்ல வண்டியை விட்டுட்டு மேல ஏறி அங்க இருக்கற வியூ பாயிண்ட்ல இருந்து பாருங்க. வெயில் அடிச்சா கலர் அப்படியே எடுத்துக் கொடுக்கும். கோடைல ஒன்பது மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்ல.

காலைல ஆறு மணிக்கெல்லாம் வெஸ்ட் கேட் வழியா உள்ள போய் நேரா ஓல்ட் ஃபெய்த்ஃபுல். அது வென்னீரை உயரப் பீச்சி அடிக்கற ஊற்று, சராசரியா ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பீச்சும். அடுத்தது எப்பன்னு பார்க் வெப்சைட்ல போட்டிருப்பாங்க, பத்து நிமிஷம் முன்ன பின்ன இருக்கும். அஞ்சு நிமிஷத்துல விட்டுட்டீங்கன்னா மறுபடி அவ்ளோ நேரம் போச்சு. அங்க இருந்து ஏரிப் பக்கம், ஹேடன் வேலி, கேன்யன்ல 308 அடி அருவி, அப்புறம் நாரிஸ் வழியா திரும்பி வந்தா கிராண்ட் பிரிஸ்மாட்டிக்குக்கு சரியான நேரத்துக்கு வந்துடலாம்.

இப்ப சொல்லப்போறதை தயவுசெஞ்சு லேசா எடுத்துக்காதீங்க. ஜூன்ல ஹேடன் வேலில ஒரு பைசன் எங்க கார் கதவை ஒட்டி நடந்துச்சு, பழைய முடி கொத்துக் கொத்தா உரிஞ்சு தொங்குது, அது விடற மூச்சு உள்ள கேக்குது. அம்மா "நம்ம ஊரு எருமை மாதிரி சாதுவா இருக்கே"ன்னு போனை எடுத்துக்கிட்டு இறங்கவே பாத்தாங்க, நான் கையைப் புடிச்சு உக்கார வெச்சேன். சாதுவா தெரியும், ஆனா நம்மளை விட மூணு மடங்கு வேகமா ஓடும். 25 கஜம் தள்ளி நிக்கணும், கரடி ஓநாய்க்கு 100 கஜம். வென்னீர் ஊற்றுப் பக்கம் மரப்பாலத்தை விட்டு ஒரு அடி கூட கீழ வைக்கக் கூடாது, தரை மாதிரி தெரியறது மெல்லிசா ஒரு ஓடுதான், அடியில கொதிக்குது. இதுவரைக்கும் 20 பேருக்கு மேல வெந்து செத்திருக்காங்க. குழந்தைங்க கையை விடவே விடாதீங்க.

நவம்பர் கடைசில வர்ற தேங்க்ஸ்கிவிங் லீவுக்குப் பிளான் போடறவங்களும் இருக்காங்க, ஆனா நவம்பர் ஆரம்பத்துலயே அநேகமா எல்லா ரோடும் காருக்கு மூடிடுவாங்க, திறக்க ஏப்ரல் நடு ஆகும், சில ரோடு மே கடைசி கூட ஆகும். ஜூலைலயும் காலைல நடுங்கும், 7,000 அடிக்கு மேல இருக்கோம்ல, காட்டன் புடவையோட வர்ற அம்மாவுக்கு ஒரு தடி ஸ்வெட்டர் எடுத்து வைங்க. உள்ள சிக்னல் பல இடத்துல சுத்தமா கிடையாது, மேப்பை முந்தின நாளே டவுன்லோட் பண்ணிடுங்க. புளியோதரை கட்டிக்கோங்க, மதியம் சாப்பாட்டு க்யூல நிக்கற நேரத்துல கேன்யனையே பாத்துடலாம். டேங்கை மட்டும் வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊர்லயே ஃபுல் பண்ணிட்டு உள்ள போங்க.