சாவைப் பற்றிப் பேச ஒரு சாயங்காலம்

இறப்பதற்கு முந்தின மாதம் எங்கள் அப்பா மூன்று தடவை பேச்செடுத்தார். "ஏளா, நான் போயிட்டா அந்த டிரங்குப் பெட்டிய..." மூன்று தடவையும் நான் முடிக்க விடவில்லை. "சும்மா இருங்கப்பா, ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாது" என்று அடக்கிவிட்டேன். கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து, எத்தனையோ வீடுகளில் கடைசி மூச்சைப் பார்த்தவள் நான். சுடுகாட்டில் செய்கிற காடேத்துச் சடங்கு முடிந்து பெட்டியைத் திறந்தால் மடிப்புக் கலையாத ஒரு வேட்டி, ஒரு துண்டு, மேலே ஒரு காகிதத்தில் அவர் கையெழுத்தில் "கடைசிக்கு". நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்டியபின் உடுத்துவதற்கென்று அவரே வாங்கி வைத்திருக்கிறார். அண்ணன் அவசரத்தில் கடைத்தெருவில் வாங்கிய வேட்டியோடுதான் அவர் போனார்.

அதற்கப்புறம்தான் கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுத் திண்ணையில், சாவைப் பற்றிப் பேசுகிற இந்தச் சாயங்காலக் கூட்டங்களை ஆரம்பித்தேன். இந்த முறை நான் கண்டுபிடித்ததல்ல. சுவிட்சர்லாந்தில் பெர்னார் கிரெட்டாஸ் என்ற சமூகவியலாளர் 2004-இல் சாவைப் பற்றிப் பேசவே ஒரு காபிக்கடைக் கூட்டம் நடத்தினார். அதைப் படித்த ஜான் அண்டர்வுட் 2011-இல் லண்டனில் தன் வீட்டிலேயே ஆட்களைக் கூட்டி 'டெத் கஃபே' என்று பெயர் வைத்தார். டீயும் கேக்கும் உண்டு. லாபம் கிடையாது. யாரையும் எந்த முடிவின் பக்கமும் இழுக்கக் கூடாது. 2017-இல், 44 வயதில், அவரே திடீரென்று இறந்துபோனார். கூட்டங்கள் நிற்கவில்லை.

நம் ஊரில் நடத்த நினைத்தால், முதலில் கிழமை பாருங்கள். செவ்வாயும் வெள்ளியும் வேண்டாம். அன்றைக்கு இந்தப் பேச்சை எடுத்தால் வருகிறவர்கள் மனசே சங்கடப்படும். எனக்குப் புதன்கிழமை நாலு மணி சரியாக இருக்கிறது. கல்யாணம் நிச்சயித்த வீட்டுக்காரர்களையும் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களையும் நானாக அழைப்பதில்லை. அவர்களாக வந்தால் உட்காரட்டும். எட்டுப் பேர் போதும். பத்தைத் தாண்டினால் ரெண்டு பேர்தான் பேசுவார்கள்.

பதினாறு கழியாத வீட்டிலிருந்து யாரையும் கூப்பிடாதீர்கள். புதுத் துக்கத்துக்கு இது மருந்து அல்ல. ஆலோசனை வகுப்பும் அல்ல. அவர்களைப் பார்க்க நாம்தான் போக வேண்டும். பேச்சினிடையே யாராவது "இருந்து என்ன செய்ய" என்கிற மாதிரிச் சொன்னால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். தனியே உட்கார்த்திப் பேசுங்கள், 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கூட இருந்தே போன் போட்டுக் கொடுங்கள், தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

சுக்குக் காபியும் முறுக்கும் வையுங்கள். கையில் தம்ளர் இருந்தால் கண்ணைப் பார்க்காமலே பேசலாம், அதற்காகத்தான். இன்சூரன்ஸ் விற்கிறவர், மதம் பேசி ஆள் சேர்க்கிறவர், பாகப் பிரிவினைச் சண்டையைக் கொண்டுவருகிறவர், மூன்று பேரையும் வாசலிலேயே பணிவாகச் சொல்லி நிறுத்திவிடுங்கள்.

"சாவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்" என்று ஆரம்பித்தால் எல்லோரும் தத்துவம் பேசுவார்கள். நான் கேட்பது இதுதான்: கடைசியாகப் போன துட்டி வீட்டில், அதாவது சாவு வீட்டில், எது மனசில் நின்றது? ஒரு மயினி, தன் மகன் பந்தலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செல்போனையே பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னார். அவனுக்கு அழத் தெரியவில்லை என்றார். அதற்கப்புறம் ஆண்கள் பேச ஆரம்பித்தார்கள். நம் பக்கத்தில் பெண்களுக்கு ஒப்பாரியாவது இருக்கிறது. ஆண்களுக்குப் பந்தல் போடுகிற வேலையும் வண்டிக்குச் சொல்லுகிற வேலையும்தான். அதனால் ஆண்களிடம் பேர் சொல்லிக் கேளுங்கள், பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருங்கள்.

இன்னொரு கேள்வி ஆதிச்சநல்லூரிலிருந்து கிடைத்தது. அங்கே முதுமக்கள் தாழிகளோடு இரும்புக் கருவிகள், வெண்கலப் பொருட்கள், தங்க நெற்றிப்பட்டம், நெல் உமி எல்லாம் கிடைத்தன. அதைச் சொல்லி, "உங்களோடு என்ன வைக்கணும்?" என்று கேட்டேன். ஒரு ஆச்சி யோசிக்கவே இல்லை. "என் பாக்கு வெட்டி" என்றாள். பக்கத்தில் இருந்த அவள் மகளுக்கு அன்றைக்குத்தான் அது தெரியும்.

நடத்துகிறவருக்குக் கஷ்டமான வேலை வாயை மூடிக்கொண்டிருப்பது. யாராவது அழுதால் "அழாதீங்க", "எல்லாம் விதி", "அவங்களுக்கு நல்ல சாவுதான்" என்று நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுங்கள். நான் அப்பாவிடம் செய்ததும் அதுதான். ஆறுதல் என்று நினைத்துப் பேச்சை அடைத்தேன். அழுகிறவர் தானே நிறுத்துகிறவரை பக்கத்தில் இருந்தால் போதும்.

கடைசிக் காலச் சிகிச்சையைப் பற்றிக் கேட்டால் மட்டும் சட்டத்தைச் சொல்லுவேன். வெறுமனே உயிரை இழுத்துப்பிடிக்கிற சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றுக்கொண்டது. 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இப்போது ரெண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி ஒருவரின் சான்றும் போதும். எழுதச் சொல்லி யாரையும் நெருக்காதீர்கள்.

ரெண்டு மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். துட்டி வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதுதான் நம் வழக்கம். முதல் கூட்டத்தில் பழக்கதோஷத்தில் எல்லோரும் அப்படியே எழுந்து போய்விட்டார்கள், எனக்கு நெஞ்சு என்னவோ செய்தது. இப்போது நடைவாசலில் நானே நின்றுகொள்கிறேன். ஒவ்வொருவரும் "போயிட்டு வாறேன்" என்று சொன்ன பிறகுதான் வழி விடுகிறேன். நீங்களும் அப்படியே நில்லுங்கள்.